வகிடு அகலமாகிறது, பி.ஆர்.பி. செய்துகொள்ளலாமா?

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 34 வயது, இரண்டு குழந்தைகள், திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு வருடமாக வகிடு கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகி வருகிறது. ஐந்து மாதத்துக்கு முன் டெங்கு வந்தது. இப்போது இரண்டு மாதமாகத் தலைக்குக் குளித்தாலே கொத்தாகக் கொட்டுகிறது. முடிக்கென்றே இருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். எட்டு சிட்டிங் பி.ஆர்.பி. (தட்டணு செறிந்த பிளாஸ்மா, நம் ரத்தத்திலிருந்தே பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவது) 52,000 ரூபாய், இன்றைக்கே சேர்ந்தால் 40,000, வேண்டுமானால் ஈ.எம்.ஐ. என்றார்களாம். பயத்தில் 5,000 முன்பணமும் கட்டிவிட்டார். 'பி.ஆர்.பி. நல்லதா, ஜி.எஃப்.சி. நல்லதா? எக்ஸோசோம் என்று இன்னொன்றும் சொல்கிறார்கள். லேசர் எப்படி? அம்மா, எண்ணெய் தேய்த்தால் போதும் என்கிறார். என்ன செய்யட்டும்?' என்று கேட்கிறார்.

நான் தோல் மருத்துவர், கோவையில் 17 வருடமாகப் பார்க்கிறேன். பி.ஆர்.பி. நானும் செய்கிறேன், அது பலன் தந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் உங்களுக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பதுதான். உங்கள் தலையில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எது எவ்வளவு என்று பார்க்காமலேயே ஊசிக்கு விலை பேசியிருக்கிறார்கள்.

முதலில், கொத்தாகக் கொட்டுவதைப் பார்ப்போம். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம் வரை வளரும். அப்புறம் மூன்று மாதம் போல ஓய்வெடுத்து விழும். அதே மயிர்க்காலிலிருந்து புது முடி முளைக்கும். இப்படி ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம். கடுமையான காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, திடீரென்று உடல் எடையைக் குறைப்பது இவற்றில் எது நடந்தாலும், வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெரும் பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்வு மூன்று மாதம் என்பதால் காய்ச்சல் வந்தபோது எதுவும் தெரியாது. அதை மறந்த பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். டெங்குவுக்கும் உங்கள் முடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இதற்கு அப்படியே பொருந்துகிறது.

விழுந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனியில் கடுகில் பாதி அளவுக்கு வெள்ளையாக ஒரு முண்டு இருக்கும். 'வேரோடு வந்துவிட்டது டாக்டர்' என்று அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து அழுதவர்கள் உண்டு. அது வேர் இல்லை. ஓய்வுக்கு வந்த முடியின் அடி நுனி அப்படித்தான் இருக்கும். மயிர்க்கால் தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. இந்த வகைக் கொட்டல், அதைக் கிளப்பிய காரணம் போய்விட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் அடர்த்தி கண்ணுக்குத் தெரிய இன்னும் சில மாதம் ஆகும், அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் இந்த மாதம் பி.ஆர்.பி. ஆரம்பித்தால் மூன்றாவது சிட்டிங்கில் கொட்டுவது நின்றுவிடும். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் அதே நேரத்தில்தான் நின்றிருக்கும். ஆனால் பெயர் ஊசிக்குப் போகும். கிளினிக் சுவரில் உங்கள் 'முன், பின்' படமும் ஏறும்.

இரண்டாவது பிரச்சினைதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. வகிடு அகலமாவது டெங்குவுக்கு முன்பே, இரண்டு வருடமாக நடக்கிறது. முன் நெற்றி ஓரம் அப்படியே இருக்க, உச்சந்தலையில் வகிட்டைச் சுற்றி மெலிவது பெண்களுக்கு வரும் பரம்பரை வகை முடி மெலிதலுக்கு உரிய தோற்றம். இதை 1977-ல் லுட்விக் என்ற மருத்துவர் மூன்று நிலைகளாக வகைப்படுத்தினார். இன்றும் நாங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறோம். இதில் முடி எண்ணிக்கை ஒரே நாளில் குறைவதில்லை. மயிர்க்கால் ஒவ்வொரு சுற்றிலும் சற்றுச் சிறுத்துப்போகிறது. நூல் மாதிரி இருந்த முடி அடுத்த முறை இழை மாதிரியும், அதற்கடுத்து பூனை முடி மாதிரியும் முளைக்கிறது. இது தானாகச் சரியாகாது. ஆரம்பத்தில் பிடித்தால் நிறுத்தலாம், ஓரளவு மீட்கவும் செய்யலாம்.

இது அதுதானா என்று எப்படித் தெரியும்? டெர்மாஸ்கோப் என்ற சிறிய உருப்பெருக்கியை வகிட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து முடிகளே ஒன்று தடியாகவும் ஒன்று மெலிசாகவும் கலந்து இருந்தால் மயிர்க்கால் சிறுக்கிறது என்று பொருள். காதுக்கு மேலேயும் பிடரியிலும் அதே போலப் பார்த்து ஒப்பிட வேண்டும். ஐம்பது அறுபது முடியை விரல்களுக்கு நடுவில் பிடித்து மெதுவாக இழுத்து எத்தனை வருகிறது என்று எண்ண வேண்டும். இதெல்லாம் பத்து நிமிட வேலை. உங்களுக்கு அங்கே நடந்தது வேறு. கேமராவைத் தலையில் வைத்து, டி.வி. திரையில் தோலைப் பெரிதாக்கி, அங்கங்கே வெள்ளையாகத் தெரிந்ததைக் காட்டி 'வேர் அடைபட்டுப்போச்சு' என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எண்ணெய்ப் பிசுக்கும் பொடுகுச் செதிலும். அத்தனை மடங்கு பெரிதாக்கினால் யார் தலையிலும் அப்படித்தான் தெரியும். மயிர்க்கால் அதனால் அடைபடுவதில்லை.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச் சத்தின் இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), வைட்டமின் டி, பி12 இவை போதும். மாதவிடாய் ஒழுங்கில்லை, முகத்தில் முடி, பரு என்று இருந்தால் ஹார்மோன் பரிசோதனைகளும் சேரும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இரும்புச் சத்து தரைதட்டிக் கிடக்கும்போது தலையில் எத்தனை ஊசி போட்டு என்ன? பல வருடம் முன்பு என்னிடம் வந்த ஒரு கல்லூரி ஆசிரியை, வேறிடத்தில் ஆறு சிட்டிங் முடித்திருந்தார். கழுத்தில் தைராய்டு வீக்கம் நன்றாகவே தெரிந்தது. ஆறு முறை அவர் தலையைப் பார்த்தவர்களில் ஒருவரும் கழுத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்றும் போகவில்லை.

பரிசோதனைக்குப் போகும்முன் ஒன்று. முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையையே அது கெடுக்கக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல் எச்சரித்தது.

சரி, இப்போது பி.ஆர்.பி.க்கு வருகிறேன். கையிலிருந்து 10 முதல் 20 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து சேர்த்த குழாயில் விட்டு, மையவிலக்கியில் சுற்றுகிறோம். சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மேலே வெளிர் மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கும். அந்தப் பிளாஸ்மாவை வேறு குழாய்க்கு மாற்றி மறுபடி வேகமாகச் சுற்றினால் தட்டணுக்கள் அடியில் சேரும். மேலே இருப்பதில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு மிச்சம் இருக்கும் மூன்று நான்கு மில்லியை, தலைத்தோலில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் சின்னச் சின்ன ஊசிகளாகப் போடுகிறோம். தட்டணுக்கள் உடையும்போது வெளிவரும் வளர்ச்சிக் காரணிகள் மயிர்க்காலை ஓய்விலிருந்து வளர்ச்சிக்குத் தள்ளும் என்பது கணக்கு. சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை முதல் நான்கு லட்சம் தட்டணு இருக்கும். சுற்றி எடுத்தபின் அது பல மடங்கு உயர்ந்திருந்தால்தான் பெயருக்கு ஏற்ற பி.ஆர்.பி. ஒரே சுற்றில் அவசரமாக எடுத்த மஞ்சள் நீரில் அவ்வளவு இருக்குமா என்பது சந்தேகமே. டெங்குவில் தட்டணு குறைந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். இப்போது எவ்வளவு என்று பார்க்காமல் ஆரம்பிப்பதே தவறு.

பலன் உண்டா? உண்டு, ஓரளவு. பல ஆய்வுகளில் முடியின் அடர்த்தி கூடியிருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தயாரித்தார்கள், அதனால் முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. ஆண்களிடம் கிடைத்த பலன் பெண்களிடம் எல்லா ஆய்விலும் கிடைக்கவில்லை. மெலிந்த முடி இருக்கும் இடத்தில் வேலை செய்யும், வழுவழுவென்று ஆகிவிட்ட இடத்தில் செய்யாது. மாதம் ஒன்றாக மூன்று அல்லது நான்கு முறை போட்டுப் பார்க்கிறோம். பலன் இருந்தால் அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். மூன்று நான்கில் ஒன்றும் தெரியாவிட்டால் எட்டாவதில் அதிசயம் நடக்காது. அதனால்தான் எட்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் வாங்குவதை நான் ஏற்பதில்லை.

இன்னொன்றையும் இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தம் எடுத்த குழாயில் உங்கள் கண் முன்னால் உங்கள் பெயரை எழுதுகிறார்களா என்று பாருங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஓர் அழகு நிலையத்தில் முகத்துக்கு இதே சிகிச்சையைச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. விசாரணைக்குப் போனவர்கள் அங்கே பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள் சமையலறை மேடையில் கிடப்பதையும், குளிர்சாதனப் பெட்டியில் உணவுப் பொருளோடு இருப்பதையும் பார்த்தார்கள். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் இதை விவரமாக வெளியிட்டது. சிகிச்சை அறைக்குள் மையவிலக்கி எங்கே இருக்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் ரத்தம் சுற்றுகிறது, ஊசி உறையை உங்கள் முன் பிரிக்கிறார்களா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஜி.எஃப்.சி. என்பது இதன் தம்பி. தனி வகைக் குழாயில் தட்டணுக்களைத் தூண்டி, அவை வெளிவிடும் வளர்ச்சிக் காரணிகளை மட்டும் பிரித்தெடுப்பது. வலி, வீக்கம் குறைவு என்கிறார்கள். பி.ஆர்.பி.க்கு இருக்கும் அளவுக்குக்கூட ஆதாரம் இன்னும் சேரவில்லை, விலை மட்டும் கூடுதல். எக்ஸோசோம் பக்கம் போகவே வேண்டாம். வேறு செல்களிலிருந்து எடுத்த நுண்பைகளை உங்கள் தலையில் செலுத்துகிறார்கள். எஃப்.டி.ஏ. அங்கீகரித்த எக்ஸோசோம் மருந்து ஒன்றுகூட இல்லை. 2019 டிசம்பரில் அந்த அமைப்பு இதுபற்றிப் பொதுமக்களுக்குப் பாதுகாப்பு எச்சரிக்கையே விட்டது. நீராவி, தலைத்தோல் ஃபேஷியல் இவையெல்லாம் தலையைச் சுத்தமாக வைக்கும், இதமாக இருக்கும். இவையோ, வைட்டமின் கலவையை ஊசியாகப் போடும் மீசோதெரபியோ முடி மெலிவதை நிறுத்தாது.

எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது, விளம்பரமே இல்லாத ஒன்றில். நுண் ஊசிச் சிகிச்சை, மைக்ரோநீட்லிங். மும்பையில் 2013-ல் மருத்துவர் ரசிதா துராட் குழுவினர் முடி மெலிந்த 100 ஆண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடில் மட்டும். இன்னொரு பிரிவுக்கு மினாக்சிடிலோடு வாரம் ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் ஊசி உள்ள உருளையால் தலையில் உருட்டினார்கள். 12 வாரத்தில், குறித்துவைத்த இடத்தில் முடி எண்ணிக்கை முதல் பிரிவில் சராசரியாக 22-ம், இரண்டாவதில் 91-ம் கூடியிருந்தது. நம் நாட்டில் நடந்த இந்த ஆய்வை உலகம் முழுக்க எடுத்துக்காட்டுகிறார்கள். சிறிய காயம் தோலில் பழுதுபார்க்கும் வேலையைத் தூண்டுகிறது, அந்தத் தூண்டல் மயிர்க்காலுக்கும் போகிறது. இணையத்தில் டெர்மா ரோலர் வாங்கி வீட்டிலேயே இந்த ஆழத்துக்கு உருட்டாதீர்கள். சீழ்பிடித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உருட்டிய அன்று மினாக்சிடிலும் தடவக்கூடாது, மருந்து அளவுக்கு மேல் ரத்தத்தில் கலந்துவிடும்.

லேசர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1967-ல் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகளின் முதுகை மழித்து லேசர் காட்டியபோது அங்கே முடி வேகமாக முளைத்ததைக் கவனித்தார். அங்கிருந்து வந்ததுதான் இது. ஹேர்மேக்ஸ் என்ற லேசர் சீப்பை 2007-ல் எஃப்.டி.ஏ. விற்க அனுமதித்தது. பலன் மிதமானது, தீங்கு அநேகமாக இல்லை. ஆனால் வாரம் இரண்டு மூன்று முறை, வருடக்கணக்கில் செய்ய வேண்டும். அதற்காக வேலை முடிந்து பஸ் பிடித்து கிளினிக்குக்குப் போய்வர உங்களால் முடியாது. விருப்பம் இருந்தால் வீட்டுக்கே கருவி வாங்குவது மேல்.

முடி மாற்று அறுவை உங்களுக்கு இப்போது தேவையே இல்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2016-ல் சென்னையில் முடி மாற்று செய்துகொண்ட ஓர் இளம் மருத்துவ மாணவர் உயிரிழந்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல், முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும், யூடியூப் போன்ற தளங்களில் பார்ப்பது பயிற்சி ஆகாது என்று எழுத வேண்டிய நிலை வந்தது. ஊசியோ கத்தியோ, செய்யப்போகிறவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். வெள்ளைக் கோட்டு போட்டு விலை பேசுகிற 'கவுன்சலர்' மருத்துவர் இல்லை.

ஒரு வார்த்தை மற்றவர்களுக்காக. காசு அளவில் வட்டமாக முடி போகும் புழுவெட்டுக்கு பி.ஆர்.பி.யைவிட, வட்டத்துக்குள்ளேயே நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஸ்டீராய்டு ஊசி நன்றாகக் கேட்கும், செலவும் குறைவு. தலைத்தோல் சிவந்து, எரிந்து, மயிர்க்கால் துளையே மறைந்துபோனால் அது தழும்பு உண்டாக்கும் வகை. அதில் நாள் கடத்தினால் இழந்தது திரும்பாது. சின்னத் துண்டு தோல் எடுத்து பயாப்சி பார்க்க வேண்டும், அதற்கு முன் எந்த ஊசியும் கூடாது.

உங்கள் விஷயத்தில், பரம்பரை வகை என்று உறுதியானால் அடித்தளம் மினாக்சிடில்தான். மாதம் சில நூறு ரூபாய். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து இது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். ஆண்களுக்கு 1988-லும் பெண்களுக்கு 1991-லும் எஃப்.டி.ஏ. அங்கீகாரம் கிடைத்தது. தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கொட்டுவது கூடும். பழைய முடி இடம் விடுகிறது என்று பொருள். பயந்து நிறுத்துகிறவர்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். குறைந்தது ஆறு மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும், பலன் தந்தால் தொடர வேண்டும். மூன்றாவது குழந்தை எண்ணம் இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், அப்போது இது வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் தடவிய தலையணையில் அதைப் படுக்க விடாதீர்கள், துளி மருந்துகூட பூனையைக் கொன்றுவிடக்கூடும். ஆண்களின் வழுக்கைக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை கருத்தரிக்கும் வயதில் உங்களுக்கு ஆகாது, யார் எழுதிக்கொடுத்தாலும்.

ஆகவே இந்த வாரம் ரத்தப் பரிசோதனை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே இடத்தில் நின்று வகிட்டை ஒரு படம், உச்சந்தலையை ஒரு படம் எடுத்து வையுங்கள், மாதாமாதம் அதே இடத்தில் எடுங்கள். எம்.டி. அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் மருத்துவரிடம் டெர்மாஸ்கோப்பில் ஒருமுறை பாருங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது, உங்களுக்குத் தூரமில்லை. கொட்டுவது அடங்கி, மருந்து ஆறு மாதம் பார்த்தும் வகிடு அப்படியே இருந்தால், அப்போது மைக்ரோநீட்லிங்கோ பி.ஆர்.பி.யோ சேர்ப்பது பற்றிப் பேசலாம். அன்றைக்கு உங்கள் பணத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

அம்மாவிடம் எண்ணெயை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊறி, அலசும்போது முடியின் புரதம் வீணாவதைக் குறைக்கும், உடைவதும் குறையும். மயிர்க்கால் சிறுப்பதை அது தொடாது. பொடுகு இருந்தால் இரவு முழுக்க ஊற வைக்காமல் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேய்த்தால் போதும். இறுக்கிப் பின்னிய ஜடையைத் தளர்த்தச் சொல்லுங்கள், அதுவும் நெற்றி ஓரத்து முடியை இழுத்தே போக்கிவிடும்.

அந்த 5,000 ரூபாய். சிகிச்சை ஆரம்பிக்கவில்லை, அதனால் திருப்பித் தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் மட்டும் பேசாதீர்கள். 'நூறு சதவீதம் உத்தரவாதம்' என்று அச்சிட்ட துண்டுப் பிரசுரம் தந்தார்கள் என்றீர்களே, அதைப் படமெடுத்துச் சேருங்கள். வழுக்கையைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்துக்கும் உரிமை கொண்டாடக்கூடாது என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணையிலேயே இருக்கிறது. 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே போடுங்கள், ஃபெரிட்டின் எவ்வளவு என்று பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.